டிவி ஷோவுக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா? எதிரெதிர் நம்பிக்கை உள்ள வடசென்னைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எடிட்டிங் செய்வது என் தொழில். "சாமி கும்பிடுற குடும்பமும் சபைக்குப் போற குடும்பமும் நேருக்கு நேர் பேசுற ஷோ ஒண்ணு பண்றோம், உங்க பக்கம் ஆள் இருக்கா?" என்று கோஆர்டினேட்டர்கள் ராயபுரம், வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று சுற்றுகிறார்கள். அப்படிக் கூப்பிடப்பட்ட வீடுகளிலிருந்து என்னிடம் வந்த கேள்விகள்தான் இவை. என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்னும் ஆறாத வீட்டுச் சண்டையை அந்த மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆறிப்போன கதை இருந்தால், சில நிபந்தனைகளோடு போகலாம்.

இது என்ன வகை நிகழ்ச்சி? எங்கிருந்து வந்தது?

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2003-ல் 'ஒய்ஃப் ஸ்வாப்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. இரண்டு வீட்டு அம்மாக்கள் இடம் மாறி, அடுத்தவர் வீட்டில் தங்க வேண்டும். முதல் பாதி அந்த வீட்டு வழக்கப்படி நடக்க வேண்டும். பிற்பாதியில் வந்தவர் சொல்வதுதான் சட்டம். 2004-ல் அமெரிக்காவின் ஏபிசி இதையே எடுத்தது. அதே ஆண்டு ஃபாக்ஸ் 'ட்ரேடிங் ஸ்பௌஸஸ்' என்று இன்னொன்றை இறக்கியது. அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50,000 டாலர்; ஆனால் அந்தப் பணத்தை அவர்கள் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதை வந்து தங்கிய அம்மாதான் முடிவு செய்வார். சண்டை வராமல் இருக்குமா?

சமையல், சுத்தம், பிள்ளை வளர்ப்பு என்று ஆரம்பித்த வகை இது. கடவுள் விஷயத்தில் கை வைத்ததும் சூடு பிடித்துக்கொண்டது. 2005-ல் அந்த ஃபாக்ஸ் நிகழ்ச்சியில், லூசியானா மாநிலத்துத் தீவிரக் கிறிஸ்தவப் பெண் ஒருவரை, ஜோதிடமும் மாற்று ஆன்மிகமும் பழகுகிற மாசசூசெட்ஸ் குடும்பத்துக்கு அனுப்பினார்கள். வீடு திரும்பியதும் அவர் உடைந்துபோய்க் கத்திய காட்சி ஒளிபரப்பானது. இன்றைக்கும் அந்தத் துண்டு இணையத்தில் கேலிப் பொருளாகச் சுற்றுகிறது. அந்தப் பெண்ணின் நம்பிக்கையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு மனுஷி தன் வீட்டு வாசலில் நொறுங்கிய நேரத்தை ஊர் உலகம் இத்தனை வருஷமாகப் பார்த்துச் சிரிப்பது எனக்கு வலிக்கிறது.

தமிழில் இப்படி வந்திருக்கிறதா?

இடம் மாற்றும் வகையை இந்தியில் சோனி 2011-ல் 'மா எக்ஸ்சேஞ்ச்' என்று செய்தது. தமிழில் நமக்குப் பழக்கமானது உட்கார்ந்து பேசும் வகை. விஜய் டிவியின் 'நீயா நானா' 2006-லிருந்து ஒரு தலைப்பில் இரண்டு அணியாக ஆட்களை எதிரெதிரே உட்காரவைக்கிறது. ஜீ தமிழில் 2011-ல் வந்த 'சொல்வதெல்லாம் உண்மை' வேறு வகை. ஒரு குடும்பத்தின் சொந்த வழக்கையே மேடைக்குக் கொண்டுவந்தது. 2018-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

உங்களைக் கூப்பிடுகிறவர் இந்த இரண்டில் எதைச் செய்யப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். நாற்பது பேரில் ஒருவராக உட்கார்ந்து பொதுவாக ஒரு கருத்து சொல்வது ஒன்று. உங்கள் அண்ணியை எதிரே உட்காரவைத்து "நீங்க ஏன் இவங்க வீட்டுப் பொங்கலைச் சாப்பிடல?" என்று மைக்கை நீட்டுவது முற்றிலும் வேறு.

ஏன் வடசென்னையைத் தேடி வருகிறார்கள்?

ஒரே தெருவில், பல சமயம் ஒரே வீட்டில், எல்லா நம்பிக்கையும் இங்கே கிடைக்கும். ராயபுரத்தில் புனித பேதுரு தேவாலயமும் பார்சிகளின் அக்னி கோயிலும் இருக்கின்றன. மண்ணடியில் பள்ளிவாசல்கள், தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள், திருவொற்றியூரில் வடிவுடையம்மன். அர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். மெழுகுவத்தி ஏற்றுகிற பெண்களில் நெற்றிப் பொட்டோடு நிற்கிறவர்கள் நிறைய. ரமலான் மாதத்தில் சாயங்காலம் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்கோடு நிற்கும் வரிசையில் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. கருப்புச் சட்டை போட்ட பெரியவர்களும் இதே தெருக்களில்தான் டீ குடிக்கிறார்கள்.

இவ்வளவும் அழகாகத் தெரியும். ஆனால் உரசலும் இங்கேதான். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். தெருமுனை அம்மன் கோயிலில் காலையிலேயே ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். கேழ்வரகுக் கூழ் அண்டா, சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. அதே நேரம், பத்து வீடு தள்ளி மாடியில் பெந்தெகொஸ்தே சபையில் ஆராதனை. அக்கா கூழ் ஊற்றுகிறாள். ஞானஸ்நானம் எடுத்த தங்கை பைபிளோடு அந்த வழியாகத்தான் போக வேண்டும். படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்பது தங்கையின் நம்பிக்கை. கொடுத்ததை மறுத்தால் ஆத்தாளையே மறுத்த மாதிரி என்பது அக்காவின் நம்பிக்கை. எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில், படைப்பதற்கு முன்னாலேயே ஒரு சொம்பு கூழைத் தனியாக எடுத்துத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவளும் வாங்கிக் குடிக்கிறாள். இதை யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. ஒரு வருஷம் அக்கா அப்படிச் செய்தாள், அப்படியே நின்றுவிட்டது.

கோஆர்டினேட்டருக்கு அந்தச் சொம்பு வேண்டாம். அவருக்கு வேண்டியது தங்கை மறுத்த அந்த முதல் வருஷம்.

மேடையில் நடந்தது நடந்தபடியே டிவியில் வருமா?

வராது. வரவும் முடியாது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குப் பல மணி நேரம் ஷூட் செய்வார்கள். காலையில் மேக்கப் போட்டு உட்கார்ந்தால் ராத்திரி ஆகிவிடும். அதில் பெரும்பகுதி குப்பைக்குப் போகும். எது மிஞ்ச வேண்டும் என்று தீர்மானிப்பது இயக்குநரும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற எடிட்டரும்தான்.

மூன்று விஷயத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். முதலாவது, ரியாக்‌ஷன் ஷாட். எதிராளி பேசும்போது உங்கள் முகத்தை ஒரு கேமரா தனியாக எடுத்துக்கொண்டே இருக்கும். ஏசி குளிரில் நீங்கள் உதட்டைச் சுழித்திருப்பீர்கள். அல்லது எப்போது சாப்பாடு போடுவார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த முகத்தை எடுத்து, "எங்க பையனுக்கு ஜெபத்துலதான் காய்ச்சல் சரியாச்சு" என்று எதிர்வீட்டம்மா சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால், நீங்கள் அவர் நம்பிக்கையை இளக்காரமாகப் பார்த்ததாக ஊரே சத்தியம் செய்யும். நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது, சட்டையில் குத்தும் காலர் மைக். பிரேக் விட்டாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாத்ரூம் வாசலில் உங்கள் மாமியாரைப் பற்றி மகளிடம் முணுமுணுத்தது கண்ட்ரோல் ரூமில் தெளிவாகக் கேட்கும். பிரேக் விட்டதும் கழற்றச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது, ப்ரோமோ. முப்பது விநாடிதான் இருக்கும். ஆனால் நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களும் அதைப் பார்ப்பார்கள். ஒன்றரை மணி நேரம் நிதானமாகப் பேசிவிட்டு ஒருமுறை குரல் உயர்த்தியிருந்தால், ப்ரோமோவில் அந்த ஒருமுறைதான் இருக்கும்.

எடிட்டர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அக்காவும் தங்கையும் கைபிடித்து அழுத இடத்தை வெட்ட மனமில்லாமல் வாதாடிய நண்பர்களை எனக்குத் தெரியும். ஆனால் மெதுவாக நடக்கும் எதையும் டிவியில் வைப்பது கடினம். வீட்டில் நம்பிக்கை விஷயம் எல்லாமே மெதுவாகத்தான் சரியாகிறது.

ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்குகிறார்களே, அதில் என்ன இருக்கும்?

பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஷூட்டுக்கு வந்து மேக்கப் போட்ட பிறகுதான் நீட்டுவார்கள். உங்கள் முகம், குரல், நீங்கள் கொடுத்த குடும்ப போட்டோக்கள் எல்லாவற்றையும் எந்த ஊடகத்திலும், எத்தனை காலத்துக்கும், எப்படி வேண்டுமானாலும் வெட்டிச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பதுதான் சாரம். முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். அனுப்ப மறுத்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே போகாமல் இருக்கலாம்.

குழு நியாயமாக இருந்தால் சில நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்வார்கள். தெருப்பெயரும் சபையின் பெயரும் கோயிலின் பெயரும் வரக்கூடாது, வராத உறவினரின் போட்டோ வரக்கூடாது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தெரியக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் எடிட்டிங் மேஜைக்கு அது வந்து சேராது. என் கைக்கு வருவது ஃபுட்டேஜும் எபிசோட் குறிப்பும் மட்டும்தான்.

மேடையில் பேசியதற்கு என் மேல் கேஸ் வருமா?

வரலாம். அடுத்தவர் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299, 302 பிரிவுகளில் குற்றம். சமூகங்களுக்கிடையே பகை மூட்டும் பேச்சுக்கு 196. நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது நீதிமன்றத்தில் தீர்வதற்குள் உங்கள் வேலையும் நிம்மதியும் போய்விடும். "உங்க சாமியைப் பத்தி அவங்க சொன்னாங்களே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று தூண்டும் கேள்வி வந்தால், உங்கள் வீட்டு அனுபவத்தை மட்டும் சொல்லுங்கள். அடுத்தவர் கடவுளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

பிள்ளைகளையும் அழைத்து வரச் சொல்கிறார்களே?

வேண்டாம். "அம்மா சாமி பிடிக்குமா, அப்பா சாமி பிடிக்குமா?" என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் கேமரா முன்னால் கேட்பது கொடுமை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதை அனுபவிப்பது அந்தப் பிள்ளைதான்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள் ரியாலிட்டி ஷோக்களையும் சேர்த்தே சொல்கின்றன. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பங்கேற்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிள்ளைக்கு விருப்பமில்லாமல் எதுவும் செய்யவைக்கக் கூடாது. அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

நாங்கள் மதம் மாறாமல் கல்யாணம் செய்ய நினைக்கிறோம். இரண்டு வீட்டையும் ஷோவில் சேர்த்துவைப்பதாகச் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்வி கேட்ட பிள்ளைகளுக்கு அவசரமாகச் சொல்கிறேன்: போகாதீர்கள். அவரவர் மதத்தில் இருந்தபடியே செய்யும் கல்யாணத்துக்குச் சிறப்புத் திருமணச் சட்டம், 1954 இருக்கிறது. அதில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸைப் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். அந்த 30 நாளே பல ஜோடிகளுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் காலம். அதற்கு முன்னால் உங்கள் முகத்தையும் வீட்டையும் டிவியில் காட்டினால், உங்களைத் தடுக்க நினைப்பவர்களுக்கு நீங்களே தகவல் கொடுத்த மாதிரி. மேடையில் கண் கலங்கி ஆசீர்வாதம் செய்த அப்பா, வீட்டுக்கு வந்து நான்கு பேர் கேட்டதும் மாறுவார். அப்போது தொகுப்பாளர் கூட இருக்க மாட்டார்.

வக்கீலையோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ பாருங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு.

அப்பாவுக்கு வயசாகிவிட்டது. அவர் காலத்துக்குப் பிறகு புதைப்பதா எரிப்பதா என்று அண்ணன் தம்பிக்குள் இப்போதே சண்டை. ஷோவில் பேசித் தீர்க்கலாமா?

எங்கள் பக்கம் நம்பிக்கைச் சண்டை உண்மையில் வெடிப்பது சாவு வீட்டில்தான். பண்டிகைக்கு ஒதுங்கிப் போகலாம். சாவுக்கு ஒதுங்க முடியாது. வெளியே தாரை தப்பட்டை வந்து நிற்கும், உள்ளே சபை மக்கள் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருப்பார்கள். மூத்தவன் மூலக்கொத்தளம் சுடுகாடு என்பான், இளையவன் காசிமேடு கல்லறை என்பான். ஐஸ் பெட்டிக்கு மேல் நின்று பேசுகிற பேச்சு பத்து வருஷத்துக்கு ஆறாது.

இதைத் தீர்க்க ஸ்டுடியோ தேவையில்லை. அப்பா உயிரோடு, தெளிவோடு இருக்கும்போதே அவரிடம் கேளுங்கள். பிள்ளைகள் கேட்கத்தான் தயங்குகிறார்கள். பெரியவர்கள் பெரும்பாலும் பதிலோடுதான் இருக்கிறார்கள். அவர் சொன்னதை அவர் கைப்பட எழுதி, இரண்டு பிள்ளைகள் முன்னாலும் படித்துக் காட்டி, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கல்லறை என்றால் எந்தச் சபையின் கடிதத்தில் அடக்கம் என்பதையும் இப்போதே விசாரித்துவையுங்கள். அன்றைக்கு யார் என்ன செய்வது என்பதும் பேசப்பட வேண்டும். இளையவன் ஜெபம் முடித்த பிறகு மூத்தவன் மாலை போட்டு வாய்க்கரிசி போடலாம் என்று ஒரு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். போதகர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்.

இந்தப் பேச்சை கேமரா முன்னால் நடத்தினால் அப்பா யாரைப் பார்த்துப் பதில் சொல்வார்? இரண்டு பிள்ளைகளில் ஒருவனை ஊர் முன்னால் தோற்கடிக்க எந்த அப்பாவுக்கும் மனசு வராது. மழுப்புவார். அந்த மழுப்பலை இரண்டு பேரும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

இந்த வகை நிகழ்ச்சியால் நல்லதே நடக்காதா?

நடக்கும். 2005-ல் அமெரிக்காவின் எஃப்எக்ஸ் சேனலில் '30 டேஸ்' வந்தது. மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவர், மிச்சிகனின் டியர்பார்னில் ஒரு முஸ்லிம் குடும்பத்தோடு 30 நாள் தங்கினார். அடுத்த ஆண்டு ஒரு நாத்திகப் பெண் டெக்சாஸில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தோடு தங்கினார். அதுவும் வெட்டி ஒட்டியதுதான். ஆனால் சமையலறையில் சும்மா நிற்பது, வேலைக்குக் கிளம்புவது, அலுத்துப்போய்ச் சோபாவில் விழுவது எல்லாம் அதில் இருந்தன. சேர்ந்து வாழ்ந்த நாட்கள் வாதத்துக்கு இடம் விட்டன, வாதம் தீர வேண்டும் என்று நெருக்கவில்லை.

அப்படி ஒரு குழு புளியந்தோப்பிலோ எண்ணூரிலோ வந்து, ஒரு ஆடி மாதம் முழுக்க ஒரு வீட்டோடு இருந்து படம் எடுக்குமானால், முதல் ஆளாக நான் எடிட் செய்துதருவேன். அந்தச் சொம்புக் கூழ் அதில் வரும்.

பணம் தருவார்களா?

பேச்சு நிகழ்ச்சிகளில் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கூப்பிடும்போதே தொகையைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஷோ முடிந்ததும் மனசு உடைந்துபோனால் யார் பொறுப்பு?

பிரிட்டனில் ஐடிவியின் 'தி ஜெரமி கைல் ஷோ' குடும்பச் சண்டைகளை மேடையேற்றி 2005 முதல் ஓடியது. பங்கேற்ற ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து 2019 மே மாதம் அதை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒளிபரப்பை மேற்பார்க்கும் ஆஃப்காம், பங்கேற்பாளர் நலனைக் கவனிப்பது சேனலின் கடமை என்று 2021 ஏப்ரலில் விதிகளைக் கொண்டுவந்தது.

இங்கே அந்த அளவுக்கு யாரையும் நம்பி இருக்காதீர்கள். ஒளிபரப்பாகும் அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். கமெண்ட்ஸ் படிக்காதீர்கள், வீட்டில் யாரையும் படித்துக்காட்டவும் விடாதீர்கள். தூக்கம் கெட்டால், சாகத் தோன்றினால் தமிழக அரசின் உதவி எண் 104-க்குப் போன் செய்யுங்கள், தமிழில் பேசுவார்கள்.

ஒளிபரப்பில் எங்கள் நம்பிக்கையை இழிவுபடுத்திவிட்டார்கள். எங்கே புகார் செய்வது?

கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புச் சட்டம், 1995-ன் கீழ் உள்ள நிகழ்ச்சி விதிகள், மதங்களையோ சமூகங்களையோ தாக்கும், இழிவுபடுத்தும் காட்சிகளையும் சொற்களையும் தடை செய்கின்றன. 2021 திருத்தத்தின்படி முதலில் சேனலுக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 15 நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள், அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. பொழுதுபோக்குச் சேனல்கள் பலவற்றுக்கு அது 2011-ல் அமைந்த ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார்க் குழு, பிசிசிசி. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அதற்குத் தலைவராக இருப்பார். அதற்கும் மேலே மத்திய அரசு.

நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், எத்தனையாவது நிமிடத்தில் என்ன சொல்லப்பட்டது என்பதைக் குறித்து அனுப்புங்கள். "மனசு புண்பட்டது" என்று மட்டும் எழுதினால் வேலைக்காகாது. எது உண்மையில் நடந்தது, எது வெட்டி ஒட்டப்பட்டது என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். எடிட் செய்யாத முழுப் பதிவைப் பாதுகாத்துவைக்கும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். இது முக்கியம், பழைய ஃபுட்டேஜை அழித்து ஹார்டு டிஸ்கைத் திரும்பப் பயன்படுத்துவது எங்கள் தொழிலில் வழக்கம்.

வருஷக்கணக்கில் அந்தக் கிளிப் யூடியூபில் சுற்றுகிறது. எடுக்கவைக்க முடியுமா?

சேனலின் சொந்தப் பக்கத்தில் இருந்தால், சூழ்நிலை மாறிவிட்டதை விளக்கி, நீக்கவோ முகத்தை மறைக்கவோ கேட்டு எழுதுங்கள். பழைய எபிசோடுகளைக் கேட்டதும் இறக்கிய சேனல்கள் உண்டு. எழுதிய எல்லோருக்கும் அது நடந்ததில்லை. ஆனால் எழுதாதவர்களுக்கு நடந்ததே இல்லை. வேறு யாரோ வெட்டிக் கேலிப் பாட்டுப் போட்டு ஏற்றியிருந்தால் இரண்டு வழி. காப்புரிமை சேனலுடையது என்பதால், அவர்களையே புகார் கொடுக்கச் சொல்லலாம். இதுதான் சீக்கிரம் நடக்கும். இன்னொன்று, தகவல் தொழில்நுட்ப விதிகள், 2021-ன்படி ஒவ்வொரு பெரிய தளத்துக்கும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவருக்கு நீங்களே புகார் அனுப்பலாம். ஒவ்வொரு கிளிப்புக்கும் தனித்தனி இணைப்பு கொடுக்க வேண்டும் என்பதால், வீட்டில் போன் நன்றாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை கிளிப்பில் இருக்கும் ஆளாக மட்டும் இருக்க வேண்டாம்.